தென்னை விளையில் பேட்டரி புல்வெட்டி வண்டி: வாங்குவதற்கு முன்பிருந்து பழைய பேட்டரியைத் திருப்பிக் கொடுப்பது வரை

எங்கள் விளை இரணியல் பக்கம். மொத்தம் 1 ஏக்கர் 60 சென்ட். வீட்டைச் சுற்றி 20 சென்ட் புல்தரை, மீதி தென்னை. நடுநடுவே மாமரம், பலா, ஒரு அயனி மரம். குமரிக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: வயல் அல்லாத, மரம் நிற்கிற மேட்டு நிலத்தை இங்கே விளை என்போம். எங்கள் ஊர்ப் பெயர்கள் பலவும் விளை என்றுதான் முடியும்.

நமக்கு இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. அதனால் ஜூன் முதல் டிசம்பர் வரை புல் நிற்காமல் வளரும். மூன்று வாரம் கவனிக்காமல் விட்டால் விழுந்த தேங்காய் கண்ணில் படாது, கிடக்கிற பாம்பும் கண்ணில் படாது. பிரஷ் கட்டர், அதாவது தோளில் மாட்டிப் புல் வெட்டும் கருவி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர்தான் எங்களுக்கு வெட்டித் தந்துகொண்டிருந்தார். மழைக்காலத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டியிருக்கும். அவரும் எத்தனை இடத்துக்குத்தான் ஓடுவார்? அப்படித்தான் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி புல்வெட்டி, அதாவது ரைடிங் மோவர் வாங்கும் எண்ணம் வந்தது. இது நான்காவது வருடம். வாங்க நினைத்து விசாரிப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது வண்டியைப் பற்றி. நான் முதலில் கேட்பது அவர்களுடைய நிலத்தைப் பற்றி. இந்த வண்டி எல்லா நிலத்துக்கும் ஆகாது; ஆகிற நிலத்தில்கூட, நிலத்தை அதற்கேற்பச் சரிசெய்த பிறகுதான் உதவும்.

முதல் படி: விளையை நடந்து அளந்து பாருங்கள்

பரப்பை வைத்து ஒரு கணக்கு. 50 சென்ட்டுக்குக் கீழே என்றால் இந்த வண்டி வேண்டாம்; தள்ளிக்கொண்டு போகும் பேட்டரி புல்வெட்டியும் ஒரு பிரஷ் கட்டரும் தாராளம். 1 ஏக்கர் முதல் இரண்டரை ஏக்கர் வரை இது பொருத்தம். ஐந்து ஏக்கர் தோப்பு என்றால் டிராக்டரில் பூட்டும் கருவிகளைப் பாருங்கள்.

பரப்பைவிட முக்கியம் சரிவு. இந்த வகை வண்டிகளுக்குக் கையேடுகளில் பெரும்பாலும் 15 டிகிரியை எல்லையாகக் குறித்திருப்பார்கள். டிகிரியைக் கண்ணால் மதிப்பிட முடியாது. கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிக்கொள்ளுங்கள். நேரான 10 அடிக் கழி ஒன்றின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கத் தரையில் வைத்து, ரசமட்டம் பார்த்துக் கழியைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு உயரம் என்று அளந்தால் போதும். 2 அடி 8 அங்குலம் வந்தால் அதுதான் 15 டிகிரி. நான் அவ்வளவு தூரம் போவதில்லை. 1 அடி 9 அங்குலம், அதாவது 10 டிகிரி வந்தாலே அந்த இடத்தை பிரஷ் கட்டருக்கு விட்டுவிடுகிறேன். நம் செம்மண் மழையில் நனைந்தால் சோப்பு போல வழுக்கும். காய்ந்த தரையில் பிடிக்கிற டயர் ஈரத்தில் பிடிக்காது.

குலசேகரம், திருவட்டார் பக்கத்து ரப்பர் தோட்டக்காரர்கள் இதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். அங்கே தட்டுத் தட்டாக வெட்டிய சரிவு. போதாததற்கு, ரப்பருக்கு இடையில் மண்ணைக் காக்க வளர்க்கும் மூடுபயிர்க் கொடியை வெட்டுவதே தவறு. சுசீந்திரம், கொட்டாரம், தோவாளைப் பக்கம் தட்டையான தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது அருமையாக ஒத்துவரும். கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் பாதிக்குப் பாதி. விளைக்கு விளை மாறும்.

அடுத்தது கய்யாலை, அதாவது விளையின் விளிம்பில் எழுப்பிய மண் அல்லது கல் சுவர். மேல்விளைக்கும் கீழ்விளைக்கும் நடுவே ஐந்தடி, ஆறடி இறக்கம் நம் ஊரில் சாதாரணம். வண்டி கவிழ்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட விளிம்பில்தான். 200 முதல் 350 கிலோ எடை உங்கள் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். விளிம்பிலிருந்து குறைந்தது ஐந்தடி தள்ளி ஒரு கயிறு கட்டி, அதற்கு அப்பால் வண்டி போகாது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக மர இடைவெளி. 25 அடிக்கு 25 அடி நட்ட தோப்பு என்றால், ஒவ்வொரு மரத்துக்கும் ஆறடி ஆரத்தில் தடம், அதாவது அடிமரத்தைச் சுற்றிய வட்டப் பாத்தி இருக்கும். இரண்டு தடத்துக்கும் நடுவே 13 அடி மிஞ்சும். 42 அங்குல அகலத்தில் வெட்டும் வண்டி, நாலு அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஓட்டினால், நான்கு ஓட்டத்தில் அந்த 13 அடியை முடித்துவிடும். பழைய விளைகளில் மரங்கள் வரிசையில் நிற்காது. அங்கே மிகக் குறுகிய இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கேட்டின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். 42 அங்குல வண்டி என்றாலும், புல் தள்ளும் வாய் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால் நாலரை அடி வரை வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: வண்டியைத் தேர்ந்தெடுப்பது

ஸ்டியரிங் வைத்தது ஒரு ரகம். இரண்டு நெம்புகோலால் ஓட்டும், நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ டர்ன் இன்னொரு ரகம். மரத்தைச் சுற்றி வெட்ட ஜீரோ டர்னுக்கு ஈடு இல்லை. ஆனால் அதன் முன்சக்கரங்கள் சும்மா உருளுகிறவை. சரிவில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி உங்கள் கையில் இருக்காது. தட்டையான தோப்புக்கு ஜீரோ டர்ன், கொஞ்சமாவது ஏற்ற இறக்கம் இருந்தால் ஸ்டியரிங். நான் ஸ்டியரிங்தான் வைத்திருக்கிறேன்.

பேட்டரியில் வோல்ட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பெட்டியில் 80 வோல்ட் என்று போட்டிருக்கும். முழுச் சார்ஜில் ஒரு கணம் காட்டும் உச்ச எண் அது. ஓடும்போது சராசரியாக 72 வோல்ட்தான் இருக்கும். 40 வோல்ட் என்பது 36. நீங்கள் பார்க்க வேண்டியது வோல்ட்டையும் ஆம்ப்-ஹவரையும் பெருக்கி வரும் எண். 48 வோல்ட், 100 ஆம்ப்-ஹவர் என்றால் 4,800 வாட்-ஹவர். நம் மின்கணக்கில் 4.8 யூனிட். பெட்ரோல் வண்டிக்கு டேங்க் எப்படியோ, இதற்கு அந்த எண் அப்படி.

நேரக் கணக்கும் போட்டுப் பாருங்கள். 42 அங்குல வண்டி மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நேராக ஓடினால் ஓர் ஏக்கருக்கு 50 நிமிடம். மரம், திருப்பம், நிறுத்தம் எல்லாம் சேர்த்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். நல்ல புல்லில் என்னுடைய 4.8 யூனிட் பேட்டரி 1 ஏக்கர் 60 சென்ட்டையும் ஒரே சார்ஜில் முடிக்கும். மழையில் நனைந்து தடித்த புல்லில் பாதிதான் முடியும். விளம்பரத்தில் போட்டிருக்கும் ஏக்கர் கணக்கைப் பாதியாக்கித்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

பேட்டரி வகையில் லெட்-ஆசிட்டும் உண்டு, லித்தியமும் உண்டு. பேட்டரியில் ஓடும் புல்வெட்டி வண்டி ஒன்றும் நேற்று வந்தது இல்லை. 1969-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் எலெக்-ட்ராக் என்ற பெயரில் 36 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி வைத்த தோட்ட டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. லெட்-ஆசிட் இன்றும் விலை குறைவு, நம் ஊர் பேட்டரிக் கடைகளிலேயே மாற்றிக்கொள்ளலாம். எடை அதிகம், பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும். லித்தியத்தில் எல்எஃப்பி எனப்படும் இரும்பு-பாஸ்பேட் வகை கிடைத்தால் அதையே எடுங்கள். நம் வெக்கையை அது நன்றாகத் தாங்கும். இரண்டாயிரம் முறைக்கு மேல் சார்ஜ் தாங்கக்கூடிய வகை.

இனி சொல்வதை யாரும் முன்கூட்டி எனக்குச் சொல்லவில்லை. இந்த வண்டிகள் அதிகம் விற்பது அமெரிக்காவில். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். எனக்கு வரவழைத்துத் தந்த விற்பனையாளர் 120 வோல்ட் சார்ஜரோடு வண்டியை இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஒட்டியிருந்த சீட்டைப் படித்ததால் தப்பித்தேன். பிளக்கில் செருகியிருந்தால் அன்றே கருகியிருக்கும். சரியான சார்ஜர் வர ஏழு வாரம் ஆனது. மழைக்காலத்தில் அந்த ஏழு வாரமும் வண்டி சாய்ப்பில் (கொட்டகையில்) நின்றது, புல் விளையில் நின்றது. பணம் கொடுப்பதற்கு முன் சார்ஜரில் '100-240' அல்லது '230' என்று அச்சிட்டிருப்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். அதோடு, பிளேடு ஒரு செட், பிளேடு போல்ட், டயர் டியூப் ஆகியவை எங்கே கிடைக்கும் என்று கேட்டு, கூடுதலாக ஒரு செட் வாங்கி வையுங்கள். பேட்டரிக்கும் வண்டிக்கும் உத்தரவாதக் காலம் தனித்தனியா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாம் படி: சாய்ப்பும் பிளக்கும்

தகரக் கூரை போட்ட சாய்ப்பில் மதிய நேரம் கை வைக்க முடியாத சூடு இருக்கும். பேட்டரிக்கு முதல் எதிரி அந்தச் சூடுதான். ஓட்டுக் கூரை அல்லது ஓலை வேய்ந்த இடம், காற்றோட்டம், சிமென்ட் தரை, மழைச் சாரல் அடிக்காத மூலை இவை போதும். தென்னை மரத்தடியில் மட்டும் நிறுத்தாதீர்கள். தேங்காய் விழும், மட்டை விழும்.

48 வோல்ட்டில் 15 ஆம்ப் கொடுக்கும் சார்ஜர் சுவரிலிருந்து இழுப்பது சுமார் 4 ஆம்ப்தான். ஆனாலும் ஏழெட்டு மணி நேரம் தொடர்ந்து இழுக்கும். எனவே நல்ல எர்த் உள்ள 16 ஆம்ப் பிளக், மின்சுமை கூடினால் துண்டிக்கும் தனி எம்சிபி, கூடவே மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி வைக்கச் சொல்லுங்கள். நீட்டிப்பு வயரில் சார்ஜ் போடுவதைத் தவிருங்கள். பம்புசெட்டுக்காக வாரியம் தந்த இலவச இணைப்பிலிருந்தும் போடக் கூடாது. செலவு பயப்படும் அளவுக்கு இல்லை: ஒரு முழுச் சார்ஜுக்கு வீணாவதையும் சேர்த்து ஐந்தரை யூனிட். மழைக்காலத்தில் மாதம் மூன்று முறை என்றால், இரண்டு மாத பில்லில் 33 யூனிட் கூடும்.

இன்னொன்று எலி. வயரின் மேல்பூச்சை அது விரும்பிக் கடிக்கும். எனக்கு ஒருமுறை சீட் சுவிட்ச் வயரையே கடித்துப் போட்டது; வண்டி கிளம்பாததன் காரணம் தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் தேடினேன். சாய்ப்பில் தேங்காய், நெல், மாட்டுத் தீவனம் எதையும் சேர்த்து வைக்காமல் இருந்தாலே எலி குறைந்துவிடும்.

நான்காம் படி: நிலத்தைத் தயார் செய்வது

இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். நான் ஒரு வாரத்துக்கு மேலேயே எடுத்துக்கொண்டேன். இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் 'வண்டி சரியில்லை' என்று சொல்கிறார்கள்.

முதலில் குற்றிகள். 2017 நவம்பர் கடைசியில் அடித்த ஒக்கிப் புயலில் இந்த மாவட்டத்தில் சாய்ந்த தென்னையும் ரப்பரும் கொஞ்சமா நஞ்சமா? மரத்தை வெட்டி எடுத்தோம். அடிக்குற்றியைப் பலரும் அப்படியே விட்டோம். இன்றும் புல்லுக்குள் அவை இருக்கின்றன. எங்கள் விளையில் மட்டும் ஐந்து இருந்தன. மூன்றைத் தோண்டி எடுத்தேன். மற்ற இரண்டின் பக்கத்தில் கழி நட்டுச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். ஆடு கட்டிய இரும்புக் குற்றி, கொல்லாமாவு (முந்திரி மரம்) வேர், மண்ணுக்கு மேல் தலைநீட்டும் வெட்டுக்கல், பழைய சொட்டுநீர்க் குழாய், மின்கம்பத்தின் இழுவைக் கம்பி எல்லாவற்றையும் எடுங்கள்; எடுக்க முடியாததைக் குறியுங்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை நைலான் கயிறு. வாழை சாயாமல் இருக்க இழுத்துக் கட்டுகிறோம், குலை வெட்டியதும் கயிறு மண்ணில் கிடக்கிறது. அது பிளேடு தண்டில் சுற்றினால் பேரிங்கின் சீலைக் கிழித்துவிடும். வாழை வெட்டும் அன்றே கயிறையும் அவிழ்த்து எடுக்கும் வழக்கத்தை வீட்டில் கொண்டுவாருங்கள்.

குழிகளை மண் போட்டு நிரப்பி மட்டம் செய்யுங்கள். தென்னந்தடத்தின் விளிம்பைச் சற்றுச் சரித்து விடுங்கள். தடத்துக்குள் வண்டியைக் கொண்டுபோக வேண்டாம். பிளேடு தட்டின் (பிளேடை மேலிருந்து மூடியிருக்கும் தகடு) ஓரம் இளந்தென்னையின் அடியில் இடித்துக் காயம் பட்டால், சிவப்புக் கூன்வண்டு அந்தக் காயத்தின் வாசனைக்கு வந்து முட்டையிடும். புல்லை வெட்டப் போய் மரத்தை இழக்கக் கூடாது. தடத்தையும் கய்யாலை ஓரத்தையும் இன்றும் அந்த பிரஷ் கட்டர் அண்ணன்தான் வந்து வெட்டுகிறார். முன்பு இரண்டு நாள் வேலை, இப்போது அரை நாள். அவருக்கும் வேறு வீடுகளுக்குப் போக நேரம் கிடைக்கிறது.

ஐந்தாம் படி: ஓட்டப் பழகுவது

முதல் இரண்டு நாள் பிளேடை ஓட விடாமல் வெறுமனே ஓட்டிப் பழகுங்கள். பேட்டரி மோட்டார் மிதித்த உடனே முழு இழுப்பையும் கொடுக்கும். பைக்கோ காரோ ஓட்டிய கால் அதற்குப் பழக வேண்டும். பார்க்கிங் பிரேக், சாவி, பிளேடு சுவிட்ச் மூன்றும் கை தேடாமல் எட்ட வேண்டும். சார்ஜ் தீர்ந்தால் வண்டியைத் தள்ளுவதற்குச் சக்கரத்தை விடுவிக்கும் லிவர் எங்கே இருக்கிறது என்பதையும் அன்றே பார்த்து வையுங்கள். நான் பார்க்கவில்லை. ஒருநாள் கீழ்விளையில் தூறலில் நின்றுவிட்டது. லிவர் தெரியாமல் நாலு பேர் சேர்ந்து தள்ளியும் அசையவில்லை, கடைசியில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்தோம்.

பிளேடைப் பற்றி ஒரு எண் மனதில் இருக்கட்டும். அமெரிக்கப் பாதுகாப்புத் தரம் பிளேடு நுனிக்கு வைத்திருக்கும் உச்ச வேகம் நிமிடத்துக்கு 19,000 அடி. மணிக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சிரட்டைத் துண்டு பட்டால் எப்படி இருக்கும்! வெட்டும்போது அறுபது எழுபது அடிக்குள் யாரும் நிற்கக் கூடாது. கண்ணாடி, மூடிய காலணி, முழுக்கால் சட்டை கட்டாயம். வேட்டியோடு ஏற வேண்டாம். நம் ஊரில் வீட்டு வேலை எல்லாம் வேட்டியிலோ லுங்கியிலோதான் நடக்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

குழந்தைகள் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை: 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இந்த வண்டியை ஓட்டக் கூடாது, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு யாரும் ஓட்டவும் கூடாது. பெட்ரோல் வண்டியாவது சத்தத்தால் எச்சரிக்கும். இது பிளேடு ஓடாதபோது வருவதே தெரியாது. முதல் வாரமே எங்கள் அம்மா, "மக்களே, சத்தம் இல்லாம வந்து நிக்குது. கொச்சுப் பிள்ளைய பாத்து ஓட்டு" என்றார். அன்றிலிருந்து வண்டி எடுக்கும் முன் பேரப்பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்று ஒருவர் திண்ணையில் நின்று சொன்ன பிறகுதான் சாவியைப் போடுகிறேன்.

சீட்டிலிருந்து எழுந்தால் பிளேடு நிற்கும் சுவிட்சைச் சிலர் வயரை ஒட்டவைத்து வேலை செய்யாமல் ஆக்குகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஆறாம் படி: வெட்டும் நாள்

எங்கள் விளையில் நாற்பது நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை தேங்காய் வெட்டு. வெட்டு முடிந்து, காய் பொறுக்கி, ஓலையும் கொதும்பும் (காய்ந்த பாளை மடல்) ஒதுக்கிய மறுநாள்தான் வண்டி ஓட்ட மிக நல்ல நாள். மேலே விளைந்த காயும் இருக்காது, கீழே தடையும் இருக்காது. நடுவில் வரும் வெட்டுகளுக்கு முன் ஒரு சுற்று நடந்து மட்டை, கொதும்பு, சிரட்டை, கல் எல்லாம் பொறுக்கிவிடுங்கள். நடக்கும்போது குளவிக்கூடும் பாம்பும் இருக்கிறதா என்று ஒரு கம்பால் தட்டிப் பாருங்கள்.

பனி காய்ந்து ஒன்பதரை, பத்து மணிக்குத் தொடங்குவேன். செருப்பில்லாமல் புல்லில் நடந்து பார்த்தால் கால் நனையக் கூடாது. ஈரப்புல் தட்டுக்குள் ஒட்டி அடைக்கும், பேட்டரியையும் குடிக்கும். ஐப்பசியில் மதியத்துக்கு மேல் இடி வரும். ஒரு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

உயரம் மூன்று அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக் கூடாது. முழங்கால் அளவு வளர்ந்துவிட்டால் முதலில் தட்டை முழுக்க உயர்த்தி ஒரு ஓட்டம், இரண்டு நாள் கழித்து இறக்கி இன்னொரு ஓட்டம். ஒட்ட வெட்டினால் சீக்கிரம் வளராது என்று நினைப்பவர்கள் பலர். நடப்பது நேர்மாறு: புல் வலுவிழக்கும், அந்த இடத்தில் கோரையும் தொட்டாவாடியும் ஏறும், மழையில் மண்ணும் கரையும்.

ஓரத்தில் இரண்டு சுற்று வெட்டி, அப்புறம் நேர்கோட்டில் ஓட்டுங்கள். புல் தள்ளும் வாய் வீட்டையும் சாலையையும் பார்க்கக் கூடாது. ஏற்கெனவே வெட்டிய பக்கம் பார்க்கட்டும். வெட்டிய புல்லையே திரும்ப வெட்டினால் சார்ஜ் வீண். சரிவில் மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டக் கூடாது. தள்ளும் வண்டிக்கு இது தலைகீழ். அதைக் குறுக்கேதான் தள்ள வேண்டும். சரிவின் நடுவில் திரும்பாதீர்கள். நின்றுவிட்டால் பிளேடை நிறுத்தி நேராகப் பின்னால் வாருங்கள்.

லித்தியம் பேட்டரியில் சார்ஜ் 20 சதவீதம் காட்டியதும் நிறுத்தி, சாய்ப்புக்குத் திரும்புங்கள். ஏற்றத்தில் திரும்பி வர வேண்டும் என்றால் 30-லேயே திரும்புங்கள்.

வெட்டிய புல்லை ஒரு நாள் காயவிட்டுத் தென்னந்தடத்தில் மூடாக்காகப் பரப்பினால் கோடையில் ஈரம் நிற்கும். அடிமரத்தை ஒட்டிப் போடாமல் ஓரடி தள்ளிப் போடுங்கள். மாடு வைத்திருப்பவர்கள் இந்தப் புல்லைக் கொடுக்க வேண்டாம். மண்ணும், சில நேரம் பிளாஸ்டிக் துணுக்கும் கலந்திருக்கும். மாட்டுக்கென்று பத்து சென்ட் ஒதுக்கி அரிவாளால் அறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: பேட்டரியைப் பார்த்துக்கொள்வது

வண்டியின் விலையில் பெரும்பங்கு பேட்டரிதான். லித்தியம் என்றால், ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள். ஒரு மணி நேரம் ஆறட்டும். வெட்டும் நாளுக்கு முந்தின இரவு முழுச் சார்ஜ் போடுங்கள். மற்ற நாளில் பாதி அளவிலேயே நிற்கட்டும். முழுச் சார்ஜில் வாரக்கணக்கில் வெக்கையில் நிற்பதுதான் அதை உள்ளுக்குள் தேய்க்கிறது. அடியோடு தீர்ந்த நிலையில் விட்டாலும் கெடும். லெட்-ஆசிட்டுக்கு இந்த வழக்கம் அப்படியே மாறும்: ஓட்டிய அன்றே முழுக்கச் சார்ஜ் போட வேண்டும், முழுச் சார்ஜிலேயே நிற்க வேண்டும், மாதம் ஒருமுறை மூடி திறந்து டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்க்க வேண்டும். ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்குச் செய்து பேட்டரியைக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இடி மின்னல் நேரத்தில் சார்ஜர் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பேட்டரி உப்பியிருந்தாலோ, தொட முடியாத சூடு இருந்தாலோ, இனிப்பான ரசாயன வாடை வந்தாலோ சார்ஜை நிறுத்தி, வீட்டிலிருந்து தள்ளித் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். புகை வந்துவிட்டால் கிட்டே போகாமல் 101-க்கு அழையுங்கள்.

எட்டாம் படி: பிளேடு, தட்டு, துரு

கை வைக்கும் முன் சாவியை உருவி, பேட்டரி இணைப்பையும் கழற்றுங்கள். இது ஒவ்வொரு முறையும்.

தென்னை விளையில் பிளேடு சீக்கிரம் மழுங்கும். எட்டுப் பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றி அரம் போடுகிறேன். அரிவாள் போலக் கூர் வேண்டாம். அப்படித் தீட்டினால் முதல் கொதும்பிலேயே மடங்கும். தீட்டியதும் நடுத்துளையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் அராவுங்கள். சமநிலை இல்லாத பிளேடு வண்டியை நடுங்க வைத்து மோட்டார் பேரிங்கைத் தின்றுவிடும். விரிசல் கண்ட பிளேடை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகவே கூடாது. தூக்கிப் போட்டுப் புதியது மாட்டுங்கள்.

தட்டின் அடியில் ஒட்டிய புல்லை மரக்கரண்டியால் சுரண்டி எடுங்கள். கார் கழுவும் அழுத்தக் குழாயை மோட்டார் பக்கம் காட்ட வேண்டாம். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு உப்புக் காற்று இன்னொரு கவலை. மாதம் ஒருமுறை இணைப்பு முனைகளைப் பார்த்து, பச்சை பூத்திருந்தால் துடைத்து வாசலின் தடவுங்கள். தட்டில் பெயின்ட் உரிந்த இடத்தில் அன்றே ரெட் ஆக்சைடு அடித்துவிட்டால் துரு பரவாது.

ஒன்பதாம் படி: ஊரில் இல்லாத மாதங்களும், பேட்டரி முடிந்த பிறகும்

நம் மாவட்டத்தில் வளைகுடாவில் பிள்ளைகள் இல்லாத வீடு குறைவு. இரண்டு மூன்று மாதம் அங்கே போய் இருப்பவர்கள், கிளம்பும் முன் லித்தியம் பேட்டரியை 50 சதவீதத்தில் வைத்து, இணைப்பைக் கழற்றி, வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். கழற்ற முடியாத வகை என்றால் மாதம் ஒருமுறை பக்கத்து வீட்டில் யாரையாவது அளவு பார்க்கச் சொல்லுங்கள். சாவியை மட்டும் வண்டியிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

என்னுடைய பேட்டரி இப்போது முதல் வருடம் போல இல்லை. கடைசி 15 சென்ட்டை மறுநாளைக்கு வைக்க வேண்டியிருக்கிறது. பாதியாகக் குறையும்வரை இதையே ஓட்டலாம் என்றிருக்கிறேன். மாற்றும்போது பழையதை ஆக்கர்க் கடையில் (பழைய இரும்புக் கடை) போட மாட்டேன், உடைத்தால் தீப்பிடிக்கும். 2022-ன் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரித்தவருக்கும் இறக்குமதி செய்தவருக்கும் உண்டு. வாங்கும் அன்றே பில்லில் அதையும் ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் பில்லில் அந்த வரி இல்லை. இப்போது தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.